தியேட்டரடி

கிளிநொச்சியில் இருந்து எங்கள் பக்கம் வரும் மினிபஸ்ஸில் கொண்டக்டர் பெடியன் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கத்துவான்: "தியேட்டரடி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ!" அவனுக்கு இருபது வயது இருக்கும். போன கிழமை இறங்கும்போது கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, இதில எங்க தியேட்டர்?"

"தியேட்டரோ? அது சும்மா பேர் அன்ரி. கெதியா இறங்குங்கோ."

சும்மா பேர்தான். ஆலமரம் பட்டுப்போன பிறகும் ஆலடி, சந்தை எழும்பிப்போன பிறகும் சந்தையடி. பஸ் போன பிறகு தூசி அடங்கும்வரை அந்த இடத்தில் நின்றேன்.

தியேட்டருக்கு ஒழுங்கான ஒரு பெயரும் இருந்தது. முகப்புச் சுவரில் நீலப் பெயின்றால் வளைத்து எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு மனிசன் கதைத்து நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தாருக்குப் பெயர் தேவைப்பட்டது. ராணி, ராஜா, மனோகரா, வின்சர், வெலிங்டன், ரீகல், லிடோ, ஸ்ரீதர், வித்யா என்று அவர்களுக்கு எத்தனையோ. எங்களுக்கு இருந்தது ஒன்று. ஒன்றுக்குப் பெயர் எதற்கு? அதோடு, முதலாளியின் பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில். நான் எழுதப்போகிற சிலது அவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆகவே நானும் தியேட்டர் என்றே எழுதுகிறேன்.

எழுத வெளிக்கிட்டதற்கு ஒரு செத்தவீட்டுக் கதைதான் காரணம். பந்தலுக்குக் கீழே இருந்த பழைய ஆட்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்: ஆலை, ஐஸ்பழக் கொம்பனி, தியேட்டர். "எல்லாம் சண்டையில போச்சு" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் பொறுக்கவில்லை. வன்னியில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இல்லாமல்போன எதையும் சண்டையின் கணக்கில் எழுதிவிடுவோம். பெரும்பாலும் கணக்குச் சரியாகத்தான் வரும். தியேட்டர் விஷயத்தில் பிழை. சண்டை வந்து சுவரைத்தான் இடித்தது. தியேட்டர் அதற்கு முன்னமே முடிந்துபோனது, முடித்ததில் எங்கள் வீட்டுக்கும் பங்குண்டு. என் மாமா, அம்மாவின் தம்பி, அங்கே இருபது வருசத்துக்கு மேல் ஒப்பரேற்றராக இருந்தவர். அவர் உயிரோடு இருந்திருந்தால் செத்தவீடென்றும் பாராமல் வாய்க்கு வாய் நின்றிருப்பார்.

எங்கள் சனம் பெரும்பாலும் வந்தேறினவர்கள். இரணைமடுக் குளத்தைக் கட்டி, காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, ஆளுக்கு இவ்வளவு வயல், இவ்வளவு மேட்டுக்காணி என்று அளந்து கொடுத்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்தும் தீவுகளில் இருந்தும் வந்தவர்கள். மலேரியாவும் ஆனையும் உள்ள இடத்துக்கு ஊரில் காணி உள்ளவன் வருவானா? இல்லாதவர்கள் வந்தார்கள். முதலாளியும் அப்படி வந்தவர்தான். வந்து கொஞ்சக் காலத்தில் நெல் ஆலை போட்டார். ஆலைக்கு ஒரு லிஸ்டர் எஞ்சின். பகல் முழுக்க நெல்லுக் குத்துகிற எஞ்சின் இரவில் சும்மா நிற்கிறதே என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் தியேட்டர் என்பார் மாமா. ஆலைக்கும் தியேட்டருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், நெல்லு மலிந்த மாசி பங்குனியில் படம் தொடங்கப் பிந்தும். ஆலை ஓய்ந்தால்தான் வெளிச்சம்.

முதலில் அது கிடுகுக் கொட்டகை. அரைச்சுவர், மணல் தரை. 1964 மார்கழிப் புயல் வந்து கிடுகு முழுவதையும் அள்ளி வயலுக்குள் போட்டது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் அதே புயலில்தான். இங்கே வன்னியைக் குறுக்கறுத்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் போனது. அடுத்த வருசம் முதலாளி கல்லால் கட்டி மேலே தகரம் அடித்தார். தரைக்குச் சீமெந்து போடும்போது, கொழும்பில் தியேட்டர் பார்த்த யாரோ சொன்னதைக் கேட்டு, பின்னுக்கு உயர்த்தி முன்னுக்குச் சரித்துப் போடச் சொன்னார். மேசனாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். மட்டம் பார்த்து வேலை பழகினவரைச் சரித்துப் போடச் சொன்னால்?

தகரத்தால் ஒரு வில்லங்கம் வந்தது. மாரியில் மழை அடித்தால் படத்தின் சத்தம் ஒரு சொல்லும் கேட்காது. வாய் அசையும், அவ்வளவுதான். அப்போது கலரியில் இருக்கிற யாராவது, முதல் நாள் பார்த்தவன், எழும்பி நின்று வசனத்தை உரத்துச் சொல்லுவான். நல்லாகச் சொன்னால் கைதட்டு. பிழைவிட்டால் கச்சான் கோதால் எறி. இப்படிச் சொல்லிப் பழகின ஒருவர் பிறகு ஊர் நாடகங்களில் ராஜபாட் போட்டார்.

முன்னுக்குக் கலரி, சாய்மனை இல்லாத வாங்குகள். நடுவில் செக்கண்ட் கிளாஸ், மரக்கதிரை. கடைசியில் பெஸ்ட் கிளாஸ், பிரம்புக் கதிரை, இலவசமாக மூட்டைப்பூச்சி. பெண்களுக்கு ஒரு கரையில் இடுப்பளவு தட்டி மறைப்பு. அந்தத் தட்டிக்கு மேலால் போன கடிதங்களில் குறைந்தது இரண்டு எனக்குத் தெரிந்து கலியாணத்தில் முடிந்தன.

உள் ஊர்களில் இருந்து ட்ரக்டர் பெட்டிக்குள் வைக்கல் பரப்பிக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். முன்னொரு காலத்தில் மாட்டுவண்டில். மாடுகளை வாய்க்கால் கரையில் அவிழ்த்துக் கட்டிவிட்டு உள்ளே போவார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்காரரும் வருவார்கள். ஆனையிறவு உப்பில் இருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த தொழிற்சாலை அது. சிங்கள ஆட்களும் அங்கே வேலை செய்ததால் இடைக்கிடை ஒரு சிங்களப் படமும் ஓடும். எங்கள் ஆட்களும் போய்ப் பார்ப்பார்கள். பாசை விளங்காவிட்டால் என்ன, மழைக்குப் பழகின சனம்தானே.

செக்கண்ட் ஷோ விட்டால் ஒருவரும் தனியே போகமாட்டார்கள். வாய்க்கால் கரையால் போகிறவர்கள் சேர்ந்து, முன்னுக்கு ஒருவர் டோர்ச் பிடிக்க, நடுவில் பெண்களும் பிள்ளைகளும், பின்னுக்கு ஒருவர் தகரத்தில் தட்டிக்கொண்டு. ஆனைக்குப் பயம். படத்தில் ஒற்றைக் கையால் பத்துப் பேரை அடித்த எம்.ஜி.ஆரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு, இருட்டில் ஒரு மரக்கட்டையைக் கண்டு எல்லோரும் ஒன்றாக ஓடின கதைகள் உண்டு.

எனக்குத் தியேட்டர் என்றால் ஒப்பரேற்றர் அறைதான். எங்கள் வீடு நாலு வளவு தள்ளி. பின்னேரம் ஆறரைப் படம் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கரியர் கொண்டுபோவது பத்து வயதில் இருந்து என் வேலை. மரப்படியால் ஏறினால் மேலே அடுப்படி மாதிரி வெக்கை. மாமா சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு நிற்பார். இரண்டு புரொஜெக்டர். ஒன்று பழசு, மற்றது அதிலும் பழசு.

பல்ப் வெளிச்சத்தில் படம் ஓடியதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. புரொஜெக்டருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை பார்த்தபடி இருக்கும். தொடவைத்துக் கொஞ்சம் விலக்கினால் நடுவில் வெள்ளை நெருப்பு ஒன்று பற்றும். அந்த நெருப்புத்தான் படத்தின் வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும், மாமா திருகாணியைத் திருகிக் கிட்டக் கொண்டுவருவார். கொஞ்சம் அசந்தால் கீழே இருந்து கூக்குரல்: "டேய் ஒப்பரேற்றர், நித்திரையோ?" படம் முழுக்க அந்த மனிசன் படத்தைப் பார்ப்பதில்லை, கறுப்புக் கண்ணாடித் துவாரத்தால் நெருப்பைத்தான் பார்ப்பார். எரிந்து மிஞ்சும் கட்டைகளை எனக்குத் தருவார். சுவரில் கீறப் பாவித்தேன். மேலே பூசியிருந்த செம்பை உரித்துப் பழைய இரும்புக்காரரிடம் விற்றது என் அண்ணன்.

ஒரு றீல் ஆயிரம் அடி, பதினொரு நிமிடம் ஓடும். இரண்டிரண்டாக ஒட்டிப் பெரிய றீலாக்கி வைத்திருப்பார். அது முடியப் போகிறதென்றால் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னும். அடுத்த மெசினை ஓடவிட வேண்டும். ஏழெட்டுச் செக்கனில் இரண்டாவது வட்டம். உடனே மாற்ற வேண்டும். சரியாகச் செய்தால் கீழே ஒருவருக்கும் தெரியாது. "எங்கட வேலை நல்லா நடந்தால் நாங்கள் இல்லையெண்டு அர்த்தம்" என்பார் மாமா. ஒரு தரம் காட்டித் தந்த பிறகு அந்த வட்டத்தைப் பார்க்காமல் விட என்னால் முடிந்ததேயில்லை. கதாநாயகி செத்துக்கொண்டிருப்பாள், என் கண் வலது மூலையில்.

சாப்பாடு கொண்டுபோகிற நேரம் எப்போதும் ஒன்றுதான் என்பதால் நான் எத்தனையோ படங்களின் நடுத்துண்டை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டு, ஒரு பகிடி, அம்மா வருத்தத்தில் விழுகிற கட்டம். தொடக்கமும் முடிவும் பள்ளிக்கூடத்தில் தோழிமார் சொல்லித்தான் தெரியும். அவர்களும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லுவார்கள்.

படம் எங்களுக்கு நேரே வராது. கொழும்பில் ஓடி, யாழ்ப்பாணத்தில் ஓடி, வவுனியா மன்னார் என்று சுற்றிக் களைத்த பிறகு தகரப் பெட்டிகளில் ரயிலில் வந்து கிளிநொச்சி ஸ்ரேஷனில் இறங்கும். அதற்குள் இலங்கை வானொலி வர்த்தக சேவையில் பாட்டெல்லாம் எங்களுக்குப் பாடம். அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா மூச்சுவிடாமல் சொல்லும் விளம்பரத்தைக் கேட்டுக் கேட்டு, படம் பார்த்த மாதிரியே கதைப்போம். கடைசியில் பெட்டி வந்தால் படம் முழுக்கக் கோடு. "மழை பெய்யுது" என்பார்கள். தகரத்துக்கு மேலே ஒரு மழை, திரைக்குள்ளே ஒரு மழை.

1972 வரை சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் என்ற கொம்பனிகள்தான் படம் கொடுத்தன. அந்த வருசம் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போனது. அந்நியச் செலாவணி முடை என்று புதுப் படம் குறைந்தது. சிங்களப் படத்துறை அதனால் நிமிர்ந்ததென்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், இருக்கலாம். எங்களுக்குப் பழைய படங்கள் திரும்பத் திரும்ப வந்தன. இடையில் இங்கேயே எடுத்த தமிழ்ப் படங்களும் ஓடின. அதில் ஒன்றில் ஒரு அம்மா மகனைப் பார்த்து "எங்கயடா போட்டு வாறாய்?" என்று கேட்க, தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அது பகிடிக் கட்டம் இல்லை. எங்கள் வாயால் கதைக்கிற கதை திரையில் வந்ததே சனத்துக்குப் பகிடியாக இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

தியேட்டரின் பொற்காலம் எது என்று கேட்டால் மாமா எம்.ஜி.ஆர். என்றோ சிவாஜி என்றோ சொல்லமாட்டார். "செத்தல் மிளகாய்" என்பார். 1970 இல் வந்த ஆட்சி மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வன்னி மண்ணுக்கு அடித்தது யோகம். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த பெடியள், வேலை கிடைக்காத படிப்பை வைத்துவிட்டு மிளகாய்க் கன்று நட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். வாய்க்கால் தண்ணீர் போதாமல் கிணறு வெட்டி, தண்ணீர்ப் பம்ப் பூட்டி, இரவிரவாக இறைத்தார்கள். சாக்குக் கணக்கில் மிளகாய் லொறி ஏறும், காசு வரும், பின்னேரம் தியேட்டர் நிறையும். ஹவுஸ்புல் போர்டு போட்ட ஒவ்வொரு நாளுக்கும் மாமா ஒப்பரேற்றர் அறைச் சுவரில் கார்பன் கட்டையால் ஒரு கோடு கீறுவார். அந்தக் காலத்துச் சுவர் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. எங்களுக்கு மிளகாயில் காசு கொட்டின அதே வருசங்கள்தான் நாட்டில் அரிசியும் மாவும் இல்லாமல் பாண் கியூவில் சனம் நின்ற வருசங்கள். 1973, 74 இல் தேயிலைத் தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்கள் எங்கள் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றன. 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு இன்னும் வந்தார்கள். காட்டோரமாகக் கொட்டில் போட்டு இருந்தார்கள். ஊரில் அவர்களைத் "தோட்டக்காட்டார்" என்றுதான் சொன்னோம். எங்கள் வீட்டிலும் சொன்னோம், நானும் சொல்லியிருக்கிறேன்.

தியேட்டரில் சாதியும் இல்லை, ஏற்றத்தாழ்வும் இல்லை என்று பழசை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். ரிக்கற் வாங்குகிற ஓட்டைக்கு முன்னால் இல்லைத்தான். காசு நீட்டினால் ரிக்கற் வரும். ஆனால் அந்தக் குடும்பங்கள் வந்து இருந்தால் கலரியில் அந்த வாங்கை விட்டு எழும்பிப் போனவர்களை நான் மேலே இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பார்கள். எம்.ஜி.ஆர். படத்துக்கு மட்டும் கதை வேறு. 1917 இல் அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில். அது அவர்களுக்குத் தெரியும். அவர் முகம் திரையில் வந்ததும் முதல் விசில் அந்த வாங்கில் இருந்துதான் வரும், யாரும் ஒன்றும் சொல்லமுடியாது.

1977 இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் என்று வெளியில் இருந்து மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கின. இங்கே விலை விழுந்தது. பம்புக்கு எடுத்த கடன் நின்றது. சுவரில் கோடுகள் ஐதாகின. இது முதல் அடி. இதில் ஒரு வெடிச்சத்தமும் இல்லை.

இரண்டாவது அடி எங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்தது.

1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. அதற்கிடையில் சவூதி, டுபாய் என்று போன பெடியள் ரீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் டெக் வந்த வீட்டில் அதை வாடகைக்கு விட்டார்கள். ரீவி, டெக், கசற் மூன்று, எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு. அயலில் காசு சேர்த்து எடுப்போம். விடிய விடிய மூன்று படம். பிள்ளைகள் முதல் படத்தோடு பாயில் விழும், ஆம்பிளைகள் இரண்டாவதில் குறட்டை, மூன்றாவதை முழுதாகப் பார்ப்பது கிழவிமார் மட்டும். சந்தியில் ஒரு கடையின் பின்னறையை மறைத்து மினி சினிமாவும் தொடங்கினார்கள். மழைக் கோடு இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை, இந்தியாவில் போன மாதம் வந்த படம் இங்கே இந்த மாதம்.

அப்பாவும் காசு போட்டு ஒரு சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் வைத்தார். ஊரே வந்திருந்தது. அன்றைக்குத் தியேட்டரில் செக்கண்ட் ஷோவுக்கு எட்டுப் பேர் என்று பிறகு அறிந்தோம். எட்டுப் பேருக்கும் முழுப் படத்தையும் ஓட்டி முடித்துவிட்டு மாமா நடந்து வந்தார். படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவரை முதலில் கண்டது நான்தான். அக்கா வீட்டு முற்றத்தில், அவருக்கு ரிக்கற் எடுத்து வரவேண்டிய சனம் முழுவதும் பாய் போட்டு இருந்தது. அம்மா எழும்பி, "தம்பி, சாப்பிட வா" என்றா. குரல் நடுங்கியது. மாமா கொஞ்ச நேரம் ரீவியையே பார்த்தார்.

"கலர் வடியுது" என்றார். பிறகு கால் கழுவிவிட்டுக் குசினிக்குள் போனார்.

அம்மா அதற்குப் பிறகு டெக் பிடிக்கவில்லை. மற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தோம்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊரடங்கு வந்தது, செக்கண்ட் ஷோ நின்றது. 1985 தையில் முறிகண்டியில் யாழ்தேவி ரயில் தாக்கப்பட்ட பிறகு பெட்டிகள் வருவதற்கு ஒரு ஒழுங்கில்லை. முதலாளி சனி ஞாயிறில் மட்டும் மற்றினி ஓட்டிப் பார்த்தார். பிறகு அதுவும் இல்லை. கடைசி ஷோ என்று ஒன்று நடந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. என்ன படம் ஓடியது என்று மாமாவைப் பல தரம் கேட்டிருக்கிறேன். "கடைசி எண்டு தெரிஞ்சிருந்தா ஞாபகம் வச்சிருப்பன்" என்பார். 1986 அளவில் ஆலை முதலாளியின் நெல் மூட்டைகள் கலரிக்குள் வந்துவிட்டன. வாங்குகள் செத்தவீடு, கலியாணவீடுகளுக்கு வாடகைக்குப் போயின. சண்டை அந்தச் சுவரைத் தொட இன்னும் பத்து வருசம் இருந்தது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு லக்சபான கரண்ட் போனது. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, சீமெந்து ஒன்றும் வராது. போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டுச் சிக்கன விளக்கு எரித்தோம். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ. புலிகள் இயக்கத்தின் நிதர்சனம் பிரிவு எடுத்த ஒளிவீச்சு வீடியோக்களை ஜெனரேற்றரோடு கொண்டுவந்து சந்திகளில் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ரீவியைத் தியேட்டரின் முகப்புக்கு வெளியே மேசை போட்டு வைத்தார்கள். உள்ளே நெல்.

1995 ஐப்பசி கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க எழும்பியது. கிளாலியால் வள்ளங்களில் வந்த சனம் மரங்களுக்குக் கீழே எல்லாம் இருந்தது. முதலாளி நெல்லை ஒதுக்கித் தியேட்டரைத் திறந்துவிட்டார். அந்த மனிசனைப் பற்றி நான் குறை சொல்லக்கூடிய விஷயங்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை யோசிக்காமல் திறந்தார். கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள். விலாசம் எழுதும்போது ஒரு ஐயா "கலரி, தூணடி" என்று எழுதினார். அவருக்குக் கடிதமும் வந்து சேர்ந்தது.

நான் அப்போது ரீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் பின்னேர வகுப்புகளைத் தியேட்டரின் முன்பக்கத்தில் வைத்தோம். திரை என்று இருந்தது வெள்ளை அடித்த சுவர்தான். சோக்கு இல்லை. ஒப்பரேற்றர் அறையில் ஒரு பழைய பெட்டி நிறையக் கார்பன் கட்டைகள் கிடந்தன. அதால் அந்த வெள்ளைச் சுவரில் எழுதினேன். ஆறாம் வகுப்புக் கணக்கு, பத்தடி உயரத்தில். நிலம் சரிவு என்பதால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தலை மறைக்காது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் படிப்பித்தேன், கட்டடம் கட்டித் தந்தார்கள், அடிக்கல் வைத்தார்கள், நாடா வெட்டினார்கள். அப்படியொரு வகுப்பறை கிடைக்கவில்லை. கட்டை எடுக்க மேலே ஏறின ஒரு நாள் சுவரைப் பார்த்தேன். மாமாவின் கோடுகள் இருந்தன. நெருக்கமாகத் தொடங்கி, ஐதாகி, கதவுக்குக் கிட்ட வெறும் சுவர்.

1996 ஆடியில் சத்ஜெய என்ற படை நடவடிக்கையில் ஆனையிறவில் இருந்து ஆமி இறங்க, எல்லோரும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் ஓடினோம். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போவது வன்னியின் முதல் பாடம். தியேட்டர்த் தகரமும் அப்படிப் போனது, எத்தனையோ கொட்டில்களுக்குக் கூரையானது. மாமா ஒன்றே ஒன்றுதான் எடுத்தார்: ஒரு புரொஜெக்டரின் லென்ஸ். பித்தளை உறையோடு நல்ல பாரம். தீப்பெட்டிக்கும் தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. மல்லாவியில் வெயில் ஏறினதும் அந்த லென்ஸை எடுத்துப் பன்னாடைக்கு மேலே பிடிப்பார். புகை வந்ததும் ஊதி, முதலில் தன் பீடிக்கு, பிறகுதான் அடுப்புக்குத் தருவார். அயலுக்குள் இரண்டு மூன்று வீட்டுக்கு அதிலிருந்துதான் நெருப்புப் போனது. முகில் போட்ட நாளில் மாமாவோடு கதைக்கேலாது.

1998 புரட்டாதியில் கிளிநொச்சி ஆமியிடம் இருந்து திரும்ப இயக்கத்தின் கைக்கு மாறியது. பிறகு நாங்கள் வந்து பார்த்தபோது சுற்றிவர மிதிவெடிப் பலகைகள். தியேட்டரில் நின்றது முகப்புச் சுவர் மட்டும், ரிக்கற் ஓட்டையோடு. பெயர் எழுதின நீலப் பெயின்றில் இரண்டு எழுத்து மிச்சம்.

சமாதான காலத்தில், 2003 இல், ஏ9 வீதி திறந்ததால் சாமான் வந்து குவிந்தபோது நான் ஒரு சீடி பிளேயர் வாங்கினேன். சின்ன வயதில் நடுத்துண்டு மட்டும் பார்த்த ஒரு படத்தைத் தேடி எடுத்து, மாமாவையும் இருத்தி, தொடக்கத்தில் இருந்து போட்டேன். முப்பது வருசமாகக் காத்திருந்த முடிவுக்கு முன்னமே நித்திரையாகிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். ஆனால் நித்திரைக்கு முன்னம் ஒன்றைக் கவனித்தேன். அந்த சீடியை ஒரு பழைய பிரிண்டில் இருந்துதான் எடுத்திருந்தார்கள். வலது மூலையில் வட்டம் வரும். வரும் ஒவ்வொரு தரமும் மாமா, வாயில் வெற்றிலையோடு, "இப்ப" என்பார்.

மாமா அடுத்த வருசம் வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார். 2009 ஐ அவர் பார்க்கவில்லை. லென்ஸ் அந்த ஓட்டத்தில் எங்கேயோ தவறியது. புதுக்குடியிருப்பு வரை இருந்தது தெரியும்.

2010 இல் மீள்குடியேற வந்தோம். முகப்புச் சுவரும் இல்லை. காணி கைமாறி, இப்போது அதில் சீமெந்துக் கல் அரிகிறார்கள். போன மாதம் குசினிச் சுவருக்குக் கல் சொல்லப் போனேன். அரிந்த கற்களைப் பழைய சீமெந்துத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கி, பெடியன் ஒருவன் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். என்னிடம் படித்தவன்தான். தண்ணீர் முழுக்க ஒரு பக்கமாக ஓடித் தேங்கி நின்றது.

"ஆர் ரீச்சர் இந்த நிலத்தைப் போட்டது? ஒரு கல்லு நேரா நிக்குதில்லை. மட்டம் பிடிக்கத் தெரியாத மேசன்."

"மேசனுக்குத் தெரியும் தம்பி. முன்னால இருக்கிறவன்ர தலை பின்னால இருக்கிறவனுக்கு மறைக்கக்கூடாதெண்டு போட்டது."

அவன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் தேங்கின பக்கத்தைப் பார்த்தான். பிறகு பின்னுக்கு நடந்து போய், மேட்டில் ஒரு கல்லைக் கவிழ்த்து வைத்து, அதில் இருந்து பார்த்தான்.

"ஓம் ரீச்சர்" என்றான். "மறைக்கேல்லை."